வரைஞ்சுட்டீங்களா?

என் ஆய்வேட்டின் நான்காவது அத்தியாயத்தில் ஒரு வரைபடம் இருந்தது. ஆறு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடும் பாட வீடியோ ஒன்றை மாணவர்கள் எங்கே நிறுத்தினார்கள், எங்கே பின்னால் இழுத்துத் திரும்பப் பார்த்தார்கள் என்று விநாடிவாரியாக எண்ணிப் போட்ட கோடு அது. தரையோடு தரையாகப் போய்க்கொண்டிருக்கும் கோடு, இரண்டே முக்கால் நிமிடம் ஆகும்போது, பொன்னை ரோட்டில் போகிறவர்களுக்கு வள்ளிமலை எழுந்து நிற்கிற மாதிரி திடீரென்று நிமிரும். பிறகு சரிந்து பழையபடி தரை. அந்த ஒற்றை முகட்டுக்கு நான் இரண்டு பக்கம் விளக்கம் எழுதியிருந்தேன். ‘கருத்தளவில் கடினமான இடம் இது, இங்கே மாணவர்களின் ஈடுபாடு உச்சத்தைத் தொடுகிறது’ என்று. ஒரு கருத்தரங்கில் அதை வாசிக்கவும் செய்தேன். கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து, வரைபடம் ரொம்பத் தெளிவாக இருக்கிறது என்று பாராட்டினார். தெளிவாகத்தான் இருந்தது.

அந்த விளக்கம் தப்பு என்று எனக்குத் தெரிந்த இடம், வாலாஜா ரோட்டுக்கும் காட்பாடிக்கும் நடுவில் சிக்னலுக்காக நின்றுகொண்டிருந்த ஒரு பாசஞ்சர் ரயில். சொன்னது எங்கள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்த ஒரு பெண். இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அத்தியாயத்தைத் திருத்தியாயிற்று. அப்புறமும் காய் நறுக்கும்போது, விடைத்தாள் திருத்தும்போது, அவள் சொன்ன ஒரு வாக்கியம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. எழுதினால் எழுந்து போகுமா என்று பார்க்கிறேன்.

நான் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மின்னியல் பாடம் எடுக்கிறேன். பதினாறு வருஷம் ஆகிறது. அதில் கடைசி ஏழு வருஷமாகப் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வு. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து படிக்கும் திறந்த இணையப் படிப்புகளை எப்படி வடிவமைக்கிறார்கள், அவை உருப்படியாக இருக்கின்றனவா என்று எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பது தலைப்பு. இவ்வளவு நீளமாக யாரும் சொல்வதில்லை. துறைக்குள் ‘மூக்’ என்பார்கள். முதல் நாள் என் மாமியாரிடமும் அப்படித்தான் சொன்னேன். “மூக்கு ஆராய்ச்சின்னா சிஎம்சிக்கில்ல போவணும், நீ இன்னாத்துக்கு வேற எங்கியோ போற?” என்றார். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு நான் இன்றைக்கும் மூக்கு டாக்டருக்குப் படிக்கிறவள்தான்.

ஆறு உண்டு, தண்ணீர் இல்லை

வேலூரைப் பற்றிய பழைய கிண்டல் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில். கடைசி ஒன்று மட்டும் 1981இல் தீர்ந்தது. எங்கள் சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தைக் கொண்டுபோய்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயிலில் வைத்தார்கள். இணையப் படிப்புகளைப் பற்றிய கட்டுரைகளை வாசிக்க ஆரம்பித்த நாட்களில் எனக்கு இந்தக் கிண்டல்தான் ஞாபகத்துக்கு வந்தது. வகுப்பு உண்டு, ஆள் இல்லை.

2011இல் செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவு வகுப்பை இணையத்தில் திறந்துவிட்டபோது சுமார் 1,60,000 பேர் பதிந்தார்கள். முடித்தவர்கள் 23,000 பேர் அளவில். அடுத்த ஆண்டு அமெரிக்க எம்ஐடியின் மின்சுற்றுப் படிப்பு. அதை முன்னின்று நடத்திய அனந்த் அகர்வால் நம் சென்னை ஐஐடியில் படித்தவர். 1,55,000 பேருக்குப் பக்கமாகப் பதிந்தார்கள், சான்றிதழ் வாங்கியவர்கள் 7,157. நானும் அதே மின்சுற்றுப் பாடத்தை எடுப்பதால் இந்த எண் எனக்குச் சொந்தக்காரர் வீட்டுச் செய்தி மாதிரி. எங்கள் கல்லூரியில் இப்படி ஒரு தேர்ச்சி விகிதத்தோடு நான் முதல்வர் அறைக்குப் போனால், உட்காரச் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் எண்களைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் வேறு ஏதோ தெரிகிறது. ஹார்வர்டும் எம்ஐடியும் முதல் ஆண்டு நடத்திய 17 படிப்புகளின் கணக்கை 2014இல் வெளியிட்டார்கள். மொத்தப் பதிவு 8,41,687. சான்றிதழ் 43,196. ஐந்து சதவீதம் என்று எல்லோரும் பிடித்துக்கொண்டது இதைத்தான். அதே அறிக்கையில் இன்னும் இரண்டு எண்கள் உண்டு. பதிந்துவிட்டுப் பாடத்தைத் திறந்துகூடப் பார்க்காத பதிவுகள் 2,92,852. பாடத்தில் பாதிக்கு மேல் போய்ப் பார்த்தும் சான்றிதழ் வாங்காமல் போனவர்கள் 35,937. இந்தக் கடைசிக் கும்பலை என்னவென்று சொல்வது? தோற்றவர்களா? ரெனே கிஸில்செக்கும் அவருடன் வேலை செய்தவர்களும் 2013இலேயே இணைய மாணவர்களை நான்கு விதமாகப் பிரித்துக் காட்டினார்கள்: முடிக்கிறவர், தேர்வைத் தொடாமல் கேட்டுவிட்டு மட்டும் போகிறவர், நடுவில் நழுவுகிறவர், எட்டிப் பார்க்கிறவர். நேதாஜி மார்க்கெட்டுக்குள் நுழைகிற அத்தனை பேரும் மூட்டை கட்டிக்கொண்டா வருகிறார்கள்? ஒருவர் கறிவேப்பிலை மட்டும் வாங்குகிறார். ஒருவர் வெங்காயம் என்ன விலை என்று கேட்டுவிட்டுப் போகிறார், அவருக்கு வேண்டியதும் அதுதான். வாசலில் நின்று தலையை எண்ணிவிட்டு, மூட்டையை எண்ணிவிட்டு, மார்க்கெட் நஷ்டம் என்று எழுதினால் எப்படி?

இதையெல்லாம் நான் மேடையில் நன்றாகச் சொல்வேன். பிரச்சினை அங்கே இல்லை. பிறர் எண்ணிய எண்களைச் சந்தேகிக்கத் தெரிந்த எனக்கு, நானே எண்ணியதைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

நம் நாட்டுச் சங்கதி கொஞ்சம் வேறு. ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003இல் தொடங்கிய இணையப் பாடத் திட்டமான என்பிடெல், 2014 முதல் சான்றிதழோடு படிப்பு நடத்துகிறது. 2017 ஜூலையில் மத்திய அரசின் இணையப் படிப்புத் தளமான ஸ்வயம் வந்தது. 2016 விதிப்படி ஒரு மாணவர் தன் பாடங்களில் 20 சதவீதம் வரை ஸ்வயத்தில் படித்து மதிப்பெண் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். 2021இல் அதை 40 சதவீதம் ஆக்கினார்கள். எங்கள் கல்லூரியில் என்பிடெல்லுக்குத் தொடர்பாளர் நான்தான். பன்னிரண்டு வாரப் படிப்பென்றால் வாரப் பயிற்சிகளில் சிறந்த எட்டு எடுத்து 25 மதிப்பெண், மீதி 75க்கு நேரில் போய்க் கண்காணிப்பில் எழுதும் தேர்வு. படிக்கக் காசு இல்லை, தேர்வுக்குத்தான் கட்டணம். பணம் கட்டினால் ஆள் மாறிவிடுகிறார் என்பது உலகம் முழுக்கத் தெரிந்ததுதான். ஹார்வர்ட், எம்ஐடி படிப்புகளில் 2017–18இல் மொத்தப் பதிவில் முடித்தவர்கள் 3.13 சதவீதம், காசு கட்டிச் சான்றிதழ்ப் பாதையில் சேர்ந்தவர்களில் 46 சதவீதம். எங்கள் பையன்களிடம் கேட்டிருந்தால் கட்டுரை எழுதாமலே சொல்லியிருப்பார்கள்.

ஆறு நிமிடச் சட்டம்

என் வழிகாட்டி ஒருநாள், “ஊர்ப்பட்ட டேட்டாவ வெச்சுக்கிட்டு எத்தன நாளைக்கும்மா ஓட்டுவே, சின்னதா இருந்தாலும் சொந்தமா ஒண்ணு பண்ணு” என்றார். சரி என்று நான்கு வாரப் படிப்பு ஒன்றை உருவாக்கினேன். டிப்ளமோ முடித்துவிட்டு நேராக இரண்டாம் ஆண்டில் சேர்கிற பிள்ளைகளுக்கு மின்சுற்றுப் பாடம். சேர்ந்த முதல் மாதம் இவர்கள் படும் பாட்டைப் பதினாறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கைவேலையில் கெட்டிக்காரர்கள். மோட்டார் சுற்றச் சொன்னால் சுற்றிவிடுவார்கள். சுற்றில் கம்பிகள் சேரும் புள்ளிகளின் மின்னழுத்தத்தைக் கணக்கிடும் முறையை, நோடல் அனாலிசிஸ் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தால் முகம் மூடிக்கொள்ளும். கல்லூரி சர்வரில் மூடுல் என்கிற இணைய வகுப்பு மென்பொருளைப் போட்டு, பக்கத்துப் பாலிடெக்னிக்குகளுக்கும் திறந்துவிட்டோம். பெருந்திரள் என்றெல்லாம் சொல்லிக்கொள்ள முடியாது, அறுநூறு சொச்சம் பேர். எங்களுக்கு அது திரள்தான்.

வடிவமைப்புக்கு என் வேதம் ஃபிலிப் குவோவும் மற்றவர்களும் 2014இல் எழுதிய கட்டுரை. ஹார்வர்டும் எம்ஐடியும் சேர்ந்து தொடங்கிய எட்எக்ஸ் தளத்தின் நான்கு படிப்புகளில் வீடியோ பார்க்கப்பட்ட 69 லட்சம் தடவைகளை எடுத்துக்கொண்டு அலசியிருந்தார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர்கள் உட்கார்ந்து பார்க்கும் நேரத்தின் இடைநிலை ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. ஆகவே வீடியோவைச் சின்னதாக்கு. உற்சாகமாக, சற்று வேகமாகப் பேசு. தயாராக எழுதிவைத்த ஸ்லைடைக் காட்டுவதைவிடக் கையால் வரைந்து காட்டு. முதல் இரண்டையும் அப்படியே பிடித்துக்கொண்டேன். மூன்றாவதற்கு, கணினியில் கையால் வரைய உதவும் வரைபலகை வாங்க எங்களிடம் காசு இல்லை, ஸ்லைடு போட்டேன்.

கத்திரி வெயிலில் ஷூட்டிங். வேலூர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? ஏசி போட்டால் மைக்கில் இரைச்சல் விழும் என்று அதையும் நிறுத்திவிட்டு, பேருந்துகள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு கருத்தரங்கக் கூடத்தில் வியர்வை வழிய நின்று பாடம் நடத்தினேன். எதிரில் ஏழெட்டு மாணவர்களை உட்காரவைத்திருந்தேன், ஆள் முகம் பார்க்காமல் எனக்கு வாய் வராது. எடிட் செய்தவர் ஆற்காட்டில் கல்யாண வீடியோ எடிட் செய்கிற தம்பி. வெட்டுவதில் கை தேர்ந்தவர். பதினான்கு நிமிடப் பாடம் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு, “மேடம், நடுநடுவுல சும்மா நிக்கறீங்க, யாரும் எதுவும் பேசல. தாலி கட்டறப்பகூட நாங்க இவ்ளோ நேரம் விட மாட்டோம். தூக்கிடட்டுமா?” என்றார்.

“தூக்கிடுப்பா” என்றேன்.

பதினான்கு ஆறானது. அழகாக இருந்தது. என்னையே எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு சுறுசுறுப்பு.

படிப்பு ஓடி முடிந்ததும் மதிப்பீட்டு வேலை. அனூஷ் மார்கார்யனும் இரண்டு பேரும் 2015இல் 76 இணையப் படிப்புகளை எடுத்து, கற்பித்தலின் அடிப்படை நெறிகள் அவற்றில் இருக்கின்றனவா என்று சோதித்தார்கள். பாடப்பொருளை அடுக்கியதிலும் காட்டியதிலும் பெரும்பாலானவை நன்றாக இருந்தன, கற்பிக்கும் நெறிகளில் பெரும்பாலானவை தேறவில்லை. பந்தி, இலை, தோரணம் எல்லாம் பிரமாதம், சோற்றில்தான் உப்பில்லை. அதே மாதிரி ஒரு பட்டியலை வைத்து என் படிப்புக்கு நானே மதிப்பெண் போட்டேன். அடுக்கியதில் முழு மதிப்பெண். மற்றதிலும் பாஸ். தன் பிள்ளைக்குத் தானே கைநாடி பார்த்த வைத்தியர் கதைதான், வேறென்ன.

வாரப் பயிற்சிகளின் மதிப்பெண்ணோ கண்ணைப் பறித்தது. இரண்டாவது வாரத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் பத்துக்குப் பத்து. சந்தோஷமாக அட்டவணை போட்டுக்கொண்டிருந்தபோது, ஏழாவது கேள்விக்கு நான் கணினியில் ஏற்றியிருந்த விடை தப்பு என்று கண்ணில் பட்டது. 4 ஆம்பியர் என்று இருக்க வேண்டியது 2 என்று இருந்தது. கணக்கை ஒழுங்காகப் போட்டிருந்தால் 2 வரவே வராது. ஆனால் எல்லோரும் 2 என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தார்கள்! நான் செய்த தப்பை அறுநூறு பேர் சேர்ந்து சரியாகச் செய்திருந்தார்கள். மூன்று தடவை முயலலாம் என்று நான் வைத்திருந்த வசதியில் யாரோ ஒருவர் தட்டுத் தடுமாறி விடையைப் பிடித்து வாட்ஸ்அப்பில் போட, ஊரே எடுத்துக்கொண்டது. ஒரே ஆள் இரண்டு கணக்கு தொடங்கி, ஒன்றில் விடையைக் கறந்து இன்னொன்றில் எழுதும் வித்தை ஹார்வர்ட், எம்ஐடி படிப்புகளிலும் பிடிபட்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கத் தனி வழிமுறையே வகுத்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு கணக்கு தேவைப்படவில்லை, ஒரு குரூப் போதுமாக இருந்தது. ஒரே ஒரு பையன் மட்டும் 4 என்று எழுதி அந்தக் கேள்வியில் பூஜ்யம் வாங்கியிருந்தான். அவனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். “நான் அந்த குரூப்ல இல்ல மேம்” என்றான், ஏதோ தப்புச் செய்துவிட்டவன் போல.

இதற்குப் பிறகாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், மதிப்பெண்ணை நம்ப முடியாது, ஆனால் க்ளிக்கை நம்பலாம் என்று முடிவு கட்டினேன். விடையை நண்பனிடம் வாங்கலாம். வீடியோவை எங்கே பின்னால் இழுத்தோம் என்பதை யாரும் யாரிடமும் வாங்கி எழுதுவதில்லை அல்லவா? அப்படித்தான் அந்த வரைபடம் பிறந்தது. இரண்டே முக்கால் நிமிடத்து முகடு.

திருவலத்துக்கு முன்னால்

அன்று தேர்வுப் பணி முடிந்து வெளியே வந்தபோது கல்லூரிப் பேருந்து போய்விட்டிருந்தது. காட்பாடியில் வேறு ஒரு வேலையும் இருந்ததால் வாலாஜா ரோடு போய் ரயிலேறினேன். மாலை பாசஞ்சர், கூட்டம் இல்லை. இரண்டு வரிசை தள்ளி என் குரல் கேட்டது. என் குரலேதான், “இப்போ இந்த நோடைப் பாருங்க” என்று. பொது இடத்தில் தன் குரலையே கேட்பதைப் போலக் கூச்சமான காரியம் வேறொன்று இருக்குமா தெரியவில்லை. எட்டிப் பார்த்தால் ஜன்னலோரம் எங்கள் இரண்டாம் ஆண்டுப் பெண், குடியாத்தத்திலிருந்து வருகிறவள். பையைச் செங்குத்தாக நிறுத்தி அதன்மேல் போனைச் சாய்த்துவைத்திருந்தாள். மடியில் லாங் சைஸ் நோட்டு, கையில் பென்சில். என்னைப் பார்த்ததும் படாரென்று எழுந்தாள். “உக்காரும்மா, நீ பாட்டுக்குப் பாரு” என்று எதிரில் உட்கார்ந்தேன். முகுந்தராயபுரம் தாண்டி, திருவலத்துக்கு முன்னால் வண்டி நின்றது. ஏதோ எக்ஸ்பிரஸுக்கு வழிவிட. வழக்கம்தான்.

வேறு வேலை இல்லாததால் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் ஒரு மின்சுற்று வருகிறது: நான்கு ரெசிஸ்டர், இரண்டு பேட்டரி, அடியில் கிரவுண்டு என்கிற பூஜ்யப் புள்ளி. அவள் பென்சில் ஓடுகிறது. மேல் கோடு வரைந்து, முதல் ரெசிஸ்டரின் மதிப்பை எழுதுவதற்குள் ஸ்லைடு மாறிவிடுகிறது. இடது கட்டைவிரலால் பின்னால் தள்ளுகிறாள். திரும்ப அதே படம், என் அதே உற்சாகக் குரல். இன்னொரு கோடு. போய்விட்டது. மறுபடி கட்டைவிரல். எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ நழுவுகிற மாதிரி இருந்தது. எந்த இடம் என்று பார்க்கக் குனிந்தேன். இரண்டு நிமிடம் நாற்பத்தாறு விநாடி.

“ஏம்மா, நிறுத்தி வெச்சுட்டு வரையலாமே?”

“நிறுத்தினா கீழ பட்டை வந்து மறைச்சுக்குது மேம். கிரவுண்டு தெரிய மாட்டேங்குது.” காட்டினாள். நிறுத்தியதும் நடுவில் ஒரு முக்கோணம், அடியில் கறுப்புப் பட்டை. சுற்றின் கீழ்ப்பாதி அதற்குள் போயிற்று. நோடல் அனாலிசிஸில் எல்லாக் கணக்கும் கிரவுண்டிலிருந்துதான் தொடங்குகிறது.

“பிடிஎஃப் குடுத்திருக்கேனே?”

“அத தொறந்தா வீடியோ மூடிக்குது மேம். திரும்ப மொதல்லேர்ந்து வருது. அப்புறம் இது எங்க அண்ணன் போன். வீட்டுக்குப் போனா எட்டு மணிக்குக் கேப்பான். நோட்டுல இருந்தா நைட்டு போட்டுப் பாத்துக்கலாம்.” சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள். பிறகு, குறை சொல்கிற குரலில் இல்லை, ஞாபகப்படுத்துகிற குரலில் சொன்னாள்: “கிளாஸ்ல நீங்க ‘வரைஞ்சுட்டீங்களா?’ன்னு கேப்பீங்க இல்ல மேம். இதுல கேக்கவே மாட்டேங்கறீங்க.”

கேட்டிருந்தேன். கருத்தரங்கக் கூடத்தில் வியர்த்துக்கொண்டு நின்ற அன்று, இந்தப் படத்தைப் போட்டுவிட்டு, எதிரிலிருந்த ஏழெட்டுப் பேரைப் பார்த்து “வரைஞ்சுட்டீங்களா?” என்று கேட்டேன். ஒருத்தி இல்லை என்று தலையாட்டினாள். காத்திருந்தேன். பதினாறு வருஷமாக எல்லா வகுப்பிலும் கேட்கிறேன், கேட்பது எனக்கே தெரியாத அளவுக்குப் பழக்கம். அந்த மௌனத்தில் நான் சும்மா நிற்பதில்லை. யார் பென்சில் எந்தக் கோட்டில் நின்றுவிட்டது, யார் பக்கத்து நோட்டைப் பார்க்கிறார், யார் கிரவுண்டைப் போட மறந்தார் என்று பார்த்துக்கொண்டு நடப்பேன். என் பாடத்தில் பாதி அங்கேதான் நடக்கிறது. அதைத்தான் தூக்கிடுப்பா என்றேன்.

எக்ஸ்பிரஸ் தடதடவென்று போயிற்று. எங்கள் வண்டி நகரவில்லை. அவள் ஏழாவது தடவை பின்னால் தள்ளி, கிரவுண்டைப் போட்டு முடித்து, ஒரு தடவை மூச்சுவிட்டாள். ஏழு க்ளிக். என் வரைபடத்தில் அந்தப் பெண் ஏழு புள்ளி உயரம். வள்ளிமலையில் ஏழு கல்.

இரண்டு பக்கம்

ஒருத்தி சொன்னதை வைத்து அத்தியாயத்தை மாற்றலாமா என்று என் வழிகாட்டி கேட்டார். நியாயமான கேள்வி. அடுத்த இரண்டு வாரம், பின்னால் தள்ளியவர்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னேன். எல்லோரும் ஒரே கதை சொல்லவில்லை. பெரும்பாலோர் நோட்டில் வரைந்தவர்கள். மூன்று பேருக்கு உண்மையிலேயே அந்த இடம் புரியவில்லை, ஆக என் இரண்டு பக்கத்தில் நாலு வரி பிழைத்தது. ஒரு பையன் வீடியோவை ஓடவிட்டுத் தூங்கியிருக்கிறான், விரல் பட்டுப் பின்னால் போயிருக்கிறது. இன்னொருவன் ரொம்ப நேரம் நெளிந்துவிட்டு, “உங்களுக்குப் பின்னாடி சுவத்துல ஒரு பல்லி போச்சு மேம், அத ஃபிரண்டுக்குக் காட்டினேன்” என்றான். போட்டுப் பார்த்தேன். போகிறது.

வெட்கம் என்னவென்றால், இதெல்லாம் எழுதப்படாத விஷயமும் இல்லை. ஜூஹோ கிம்மும் கூட்டாளிகளும் 2014இல் 862 பாட வீடியோக்களை எடுத்து, இப்படி முகடு எழும் இடங்களை ஆராய்ந்திருந்தார்கள். திரையில் காட்சி மாறும் இடங்களையொட்டித்தான் நிறைய முகடுகள் எழுகின்றன. தவறவிட்டதைப் பிடிக்கத் திரும்பிப் போவது அதற்கு ஒரு காரணம் என்று அவர்களே வகைப்படுத்தியிருக்கிறார்கள். அந்தக் கட்டுரையை நான் மேற்கோள் காட்டியிருந்தேன். மேற்கோள் காட்டியும் என் முகட்டில் மாணவரின் ஆர்வத்தைத்தான் பார்த்தேன், ஏனென்றால் அது என் பாடம், என் குரல். குவோவின் கட்டுரைமேலும் பழி போட முடியாது. எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதைத்தான் அவர்கள் அளந்தார்கள், கற்றார்களா என்று அளந்ததாகச் சொல்லவேயில்லை. ஆறு நிமிடம் என்பதைச் சட்டமாக்கி, அதற்குள் அடைக்க எதை வெட்டுவது என்று முடிவு செய்தது நானும் ஆற்காட்டுத் தம்பியும். இன்னொன்றும் படித்திருந்தேன்: கென் கோடிங்கரும் மற்றவர்களும் 2015இல் ஓர் இணைய உளவியல் படிப்பை ஆராய்ந்து, வீடியோ பார்ப்பதைவிடப் பயிற்சியைக் கையால் செய்வது கற்றலோடு ஆறு மடங்கு அதிகமாகத் தொடர்புடையது என்று காட்டியிருந்தார்கள். ரயிலில் அந்தப் பெண் செய்துகொண்டிருந்ததும் கைவேலைதான். அவள் செய்யச் செய்ய நான் பலகையை அழித்துக்கொண்டிருந்தேன், அதுவும் உற்சாகமாக.

பழைய மூலப் பதிவை ஆற்காட்டுத் தம்பி அழித்துவிட்டிருந்தார், இடம் அடைக்கிறதாம். திரும்ப எடுத்தோம். இந்தத் தடவை டிசம்பர் மாதம், வியர்க்கவில்லை. சுற்றைத் திரையின் மேல்பாதிக்கு ஏற்றினேன், பட்டை வந்தாலும் கிரவுண்டு தெரியும்படி. படத்தைப் போட்டுவிட்டு “வரைஞ்சுட்டீங்களா?” என்று கேட்டு, மனசுக்குள் நாற்பது எண்ணினேன். கேமராவைப் பார்த்துக்கொண்டு நாற்பது எண்ணுவது வகுப்பில் காத்திருப்பதைப் போல இல்லை. யார் முகமும் இல்லை. கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தம்பி போட்டுப் பார்த்துவிட்டு, “இப்பவும் சும்மாதான் நிக்கறீங்க மேடம்” என்றார். விட்டுடுப்பா என்றேன். பதினோரு நிமிடம் வந்தது.

அடுத்த அணி மாணவர்கள் பார்த்து முடித்ததும் கோட்டை எடுத்துப் பார்த்தேன். இரண்டே முக்கால் நிமிடத்தில் ஒன்றும் இல்லை. வேறெங்கும்கூட இல்லை, பாலாற்று மணல் மாதிரி ஒரே மட்டம். படிப்பை முடித்தவர்கள் விகிதமும் பெரிதாக நகரவில்லை. அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. சுமார் 250 இணையப் படிப்புகளில் இரண்டரை வருஷம் விதவிதமான சின்னத் தூண்டுதல்களைச் சோதித்து 2020இல் வெளிவந்த பெரிய ஆய்வுக்கே, எல்லா இடத்திலும் பலிக்கிற மருந்து எதுவும் கிடைக்கவில்லை. வழிகாட்டி புதிய வரைபடத்தைக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். “இதுல காட்டறதுக்கு என்னம்மா இருக்கு?” என்றார். முதல் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்து, ரயில் கதையைச் சொன்னேன். ரயிலை ஆய்வேட்டில் எழுத முடியாது, ‘நேரடி உற்றுநோக்கல்’ என்று போட்டுக்கொள் என்றார். போட்டுக்கொண்டேன்.

அந்தப் பெண் இப்போது இறுதியாண்டு. போன மாதம் ஆய்வகத்தில் பார்த்தபோது, புது வீடியோவைத் தன் தம்பி பார்க்கிறான் என்றாள். பாலிடெக்னிக்கில் சேர்ந்திருக்கிறானாம். அண்ணன் போன்தான் இன்னும். இரவில் பத்து நிமிடம் கிடைத்தால் வாசல் திண்ணையில் வைத்துக்கொண்டு பார்ப்பான். பக்கத்தில் அவர்கள் அம்மா முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருப்பார். போனுக்குள்ளிருந்து நான் “வரைஞ்சுட்டீங்களா?” என்று கேட்டிருக்கிறேன். தம்பி நிமிரவில்லை. அம்மாதான் இலையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொல்லியிருக்கிறார்.

“இரு மேடம், இன்னும் வரைஞ்சினு கீறான்.”